ஹேண்டிலைத் திருப்பினால் ஃபியூஸ் போகிறது: ஃபாக் லைட் வயரிங்கில் ஷார்ட்டைத் தேடிப் பிடிப்பது

கேள்வி சுருக்கமாக இதுதான். 350 சிசி பைக், கிராஷ் கார்டில் 20 வாட் எல்இடி ஃபாக் லைட் இரண்டு, கடையில் ரிலே கிட்டோடு போட்டது (ரிலே என்பது ஹேண்டில் ஸ்விட்சின் சின்னக் கரண்டை வைத்து லைட்டின் பெரிய கரண்டை இணைத்துத் துண்டிக்கிற மின்சார ஸ்விட்ச்). பல மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஏற்காடு போய் மழையில் நனைந்து வந்ததிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. வண்டியை நிறுத்தும்போது ஹேண்டிலை வலது பக்கம் முழுக்க ஒடித்தால்தான் பெரும்பாலும் போகிறது, லைட் ஆஃப்பில் இருந்தபோதும் போயிருக்கிறது. கடைக்காரர் லைட்டுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது, இரண்டையும் மாற்றுங்கள் என்கிறார். இன்னொரு எலக்ட்ரீஷியன் 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் போகவே போகாது என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. அதில் 30 ஆம்பியர் சொன்னவர் பக்கம் இனிமேல் வண்டியைக் கொண்டே போகாதீர்கள். ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. அந்தக் கிட்டில் வரும் வயர் மெல்லியது, அதிலும் ஸ்விட்சுக்குப் போகிற வயர் இன்னும் மெல்லியது. பைக் பேட்டரி சின்னதாகத் தெரிந்தாலும் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றும் அளவுக்குக் கரண்ட் தரக்கூடியது, ஷார்ட் ஆனால் அவ்வளவும் அந்த மெல்லிய வயரில் பாயும். 10 ஆம்பியர் போட்டிருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் ஃபியூஸ் போய்விடும். 30 போட்டால் ஃபியூஸ் தாங்கிக்கொண்டு நிற்கும், வயர் பழுத்து உருகும், அது உருகுகிற இடம் பெட்ரோல் டேங்குக்கு அடியில். ஃபியூஸுக்குப் பதிலாக சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றிவைப்பதும் இதே கதைதான்.

அடுத்து லைட்டை மாற்றச் சொன்னவர். உங்கள் கேள்வியிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. லைட் எங்கே இருக்கிறது? கிராஷ் கார்டில். கிராஷ் கார்டு ஃப்ரேமில் போல்ட் போட்டு நிற்பது, ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பாது. லைட்டுக்குப் போகிற வயரும் அப்படியே, ஹேண்டிலை எவ்வளவு ஒடித்தாலும் அது அசைவதில்லை. ஹேண்டிலைத் திருப்பினால் அசைகிற வயர் உங்கள் கிட்டில் ஒன்றே ஒன்றுதான், ஸ்விட்சுக்குப் போகிற வயர். அப்புறம் லைட் ஆஃப்பில் இருக்கும்போதும் ஃபியூஸ் போகிறது என்றால் ரிலே அப்போது திறந்துதான் இருக்கிறது, லைட்டுக்குக் கரண்டே போகவில்லை, போகாத இடத்தில் எப்படி ஷார்ட் ஆகும்? ஆக, ஃபியூஸுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் எப்போதும் கரண்ட் இருக்கிற அந்த ஒரு வயர் எங்கேயோ தோல் உரிந்து ஃப்ரேமைத் தொடுகிறது. ஸ்விட்சிலிருந்து ரிலேவுக்குத் திரும்பி வருகிற வயராக இருந்தால் லைட் ஆன் செய்தபோது மட்டும்தான் போயிருக்கும். வண்டியைப் பார்க்காமலே சொல்கிறேன், பந்தயம் கட்டச் சொன்னால் அந்த வயர் மேல்தான் கட்டுவேன்.

மழை? மழைக்கு இதில் பங்கு இருக்கலாம், ஆனால் எல்லோரும் நினைக்கிற மாதிரி இல்லை. கப்ளருக்குள், அதாவது வயர்களைச் செருகி இணைக்கிற பிளக்குக்குள், புகுந்த மழைத் தண்ணீர் மட்டும் 10 ஆம்பியர் ஃபியூஸை எரிப்பது ரொம்ப அபூர்வம், அது அவ்வளவு கரண்டைக் கடத்தாது. தண்ணீர் செய்வது வேறு வேலை. பின்னில் பச்சை பூக்க வைக்கும், லைட்டை மினுக்க வைக்கும், கறுப்பு இன்சுலேஷன் டேப்பின் பசையை விட்டுப்போக வைக்கும். நம் ஊர் வெயிலில் அந்த டேப் ஏற்கெனவே பாதி கழன்று பிசுபிசுவென்று இருக்கும், மழையில் மீதியும் கழன்று உள்ளே முறுக்கிவிட்ட செம்புக் கம்பி வெளியே வந்துவிடும். ஏற்காட்டுக்கு முன்னாலேயே வயர் தேய்ந்துகொண்டு இருந்திருக்கும், அங்கே போய்வந்ததில் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, ஊகம் போதும், உறுதி செய்வது எப்படி? முதலில் புது ஃபியூஸ் போட்டுப் போட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் ஷார்ட் ஆகிற இடத்தில் வயர் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகுகிறது, உங்களுக்குத் தகவல் எதுவும் கிடைப்பதில்லை. போன ஃபியூஸ்களைத் தூக்கி எறிந்திருக்கவில்லை என்றால் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே பிளாஸ்டிக் கறுத்து, உலோகம் தெறித்து ஒட்டியிருந்தால் அது நேரடி ஷார்ட். நடுவில் மட்டும் சுத்தமாக உருகி இடைவெளி விட்டிருந்தால் தாங்க முடியாத லோடு மெதுவாகக் கொன்றிருக்கிறது. உங்களுடையது முதல் வகையாகத்தான் இருக்கும்.

தேவைப்படுவது ஒரு 12 வோல்ட் 21 வாட் பல்ப், பழைய பிரேக் லைட் பல்ப் இருந்தாலே போதும். ஹோல்டரோடு கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் பல்பில் இரண்டு வயரைப் பற்றவைத்து, மறுமுனையில் ஃபியூஸ் ஹோல்டருக்குள் நுழைகிற மாதிரி தட்டையான ஸ்பேட் டெர்மினல் போட்டுக்கொள்ளுங்கள். ஃபியூஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இந்தப் பல்பைச் செருக வேண்டும். இனி ஷார்ட் ஆனாலும் வயரில் 2 ஆம்பியர்கூடப் போகாது, பல்பே தடுத்துவிடும். ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், ஷார்ட் விலகினால் அணையும். எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். முன்னதாக இரண்டு ஃபாக் லைட்டின் கப்ளரையும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் லைட் இழுக்கிற கரண்டிலும் பல்ப் எரிந்து குழப்பும்.

இப்போது சாவியைப் போட்டு, ஃபாக் ஸ்விட்சை ஆஃப்பில் வைத்து, ஹேண்டிலை இடது கடைசியிலிருந்து வலது கடைசி வரை மெதுவாகத் திருப்புங்கள். கூட ஒரு ஆள் இருந்தால் பல்பைப் பார்க்கச் சொல்லலாம். வலது பக்கம் ஒடியும்போது பல்ப் பளிச்சென்று எரிந்தால் வேலை பாதி முடிந்தது. ஹேண்டிலை அந்த நிலையிலேயே நிறுத்திவிட்டு, ஸ்விட்சிலிருந்து ஆரம்பித்து வயரைக் கையால் சாண் சாணாக அசைத்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தைத் தொடும்போது பல்ப் அணைகிறதோ அங்கேதான்.

ஆஃப்பில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஸ்விட்சை ஆன் செய்து அதையே இன்னொரு தடவை செய்யுங்கள். ஷார்ட் இல்லாவிட்டால் ரிலே 'டக்' என்று ஒரு தடவை அடிக்கும், பல்ப் எரியாது. ரிலேவை இயக்குகிற உள் கம்பிச்சுருள், அதாவது காயில், இழுப்பது 0.15 ஆம்பியர் அளவுதான், அது பல்புக்குக் காணாது. இதில் தெரியாதவர்களைக் குழப்புகிற ஒரு விஷயம் உண்டு. ரிலேவுக்கு அப்புறம், லைட் பக்கம் ஷார்ட் இருந்து, ஸ்விட்சுக்கும் இதே ஃபியூஸ் வழியாகத்தான் கரண்ட் வருகிறது என்றால், ரிலே கடகடவென்று அடித்துக்கொள்ளும், பல்ப் துடிக்கும். ரிலே மூடியதும் ஷார்ட், ஷார்ட் ஆனதும் காயிலுக்கு வோல்ட் இல்லை, ரிலே திறக்கும், திறந்ததும் வோல்ட் வந்துவிடும், மறுபடி மூடும். ரிலே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி புது ரிலே வாங்கியவர்கள் நிறைய. அந்தச் சத்தம் கேட்டால் ரிலேவைப் பிடுங்கிவிட்டு சாக்கெட்டில் 30 (பேட்டரி கரண்ட் வருவது), 87 (லைட்டுக்குப் போவது) என்ற இரண்டு துளைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள், பல்ப் நிலையாக எரியும், லைட் பக்க வயரை நிதானமாகத் தேடலாம்.

உங்கள் வண்டியில் நான் முதலில் பார்க்கச் சொல்கிற இடம் ஸ்டியரிங் ஹெட். ஹெட்லைட்டைக் கழற்றினால் பின்னால் ஹேண்டில் தண்டும் ஃப்ரேமும் சேருகிற இடம் தெரியும். ஹேண்டில் ஒடியும்போது முட்டி நிற்கிற இரும்பு ஸ்டாப்பர் அங்கேதான் இருக்கும். அவசரத்தில் கிட் போடுகிறவர்கள் ஸ்விட்ச் வயரை அந்த இடுக்கு வழியாக இழுத்து, தொங்கக்கூடாது என்று ஜிப் டையை இறுக்கிக் கட்டிவிடுவார்கள். ஒவ்வொரு தடவை ஒடிக்கும்போதும் வயர் இழுபடும், அல்லது ஸ்டாப்பரில் நசுங்கும். கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் வேறு அதன்மேல் உரசிக்கொண்டு இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் வயரின் தோலில் தட்டையாக நசுங்கின ஒரு இடம், நடுவில் மிளகு அளவுக்குப் பளபளவென்று செம்பு, அதற்கு நேரே ஃப்ரேம் பெயிண்டில் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு. அந்தப் பொட்டைப் பார்த்துவிட்டால் வேறு சாட்சியே வேண்டாம்.

அங்கே இல்லாவிட்டால் டேங்கின் முன்பக்க ரப்பர் புஷ் பக்கம் பாருங்கள், அப்புறம் சீட்டுக்கு அடியில் பேட்டரி மூடி வயரைக் கடிக்கிறதா என்று பாருங்கள். டேங்கைத் தூக்க வேண்டிவந்தால் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். நெகட்டிவை முதலில் கழற்றி கடைசியில் மாட்ட வேண்டும், பாசிட்டிவை முதலில் கழற்றப்போனால் ஸ்பேனர் ஃப்ரேமில் பட்டாலே பொறி பறக்கும். வயரை உரசிப் பொறி வருகிறதா என்று பார்க்கிற பழக்கம் சில எலக்ட்ரீஷியன்களிடம் இருக்கிறது, பெட்ரோல் டியூபைக் கழற்றி வைத்திருக்கும்போது அதைச் செய்ய விடாதீர்கள்.

மல்டிமீட்டர் வேண்டாமா என்றால், இருந்தால் நல்லது, சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஆனால் வந்து வந்து போகிற ஷார்ட்டுக்கு பல்புதான் வசதி. மீட்டரை பீப் மோடில் வைத்துச் சோதிக்கும்போது வயர் தொடாமல் இருந்தால் எல்லாம் சரி என்றுதான் அது சொல்லும். எல்இடி லைட்டின் இரண்டு வயரில் மீட்டரை வைத்தால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் காரணமாக முதலில் ஒரு 'பீப்' வந்து நின்றுவிடலாம், அது ஷார்ட் இல்லை. விடாமல் பீப் அடித்து, 1 ஓமுக்கும் கீழே காட்டினால்தான் லைட் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

இதே மாதிரி பிரச்சினையோடு வருகிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஃபியூஸ் எப்போது போகிறது என்பதை மட்டும் கவனித்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். ஃபியூஸைச் செருகியதுமே போனால், சாவியோ ஸ்விட்சோ போடாமலே போனால், ஃபியூஸிலிருந்து ரிலேவின் 30ஆம் பின் வரைக்கும் உள்ள வயர், அல்லது ஸ்விட்சுக்குப் பிரிகிற வயர். சாவி போட்டதும் போனால் சாவி வழியாகக் கரண்ட் எடுத்த இடம். ஸ்விட்ச் போட்டதும் போனால் ஸ்விட்சுக்கு அப்புறம் ரிலே காயில் பக்கம், அல்லது 87இலிருந்து லைட் வரைக்கும். ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது போனால் கிராஷ் கார்டு கிளாம்ப் வயரைக் கடிக்கிறது, அல்லது வயர் சைலன்சர் பைப்பில் பட்டு உருகியிருக்கிறது. கால் மணி, அரை மணி எரிந்துவிட்டுப் போனால் அது ஷார்ட்டே இல்லாமல் இருக்கலாம், 55 வாட் ஹாலஜன் இரண்டை வைத்துக்கொண்டு 7.5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருப்பார்கள், 110 வாட் என்றால் 9 ஆம்பியர் ஆயிற்றே.

லைட் மங்கலாக எரிகிறது, இண்டிகேட்டர் போட்டால் ஃபாக் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது என்பதையும் நம் ஆட்கள் ஷார்ட் என்றுதான் சொல்வார்கள். அது ஷார்ட் இல்லை, எர்த் (ஃப்ரேம் வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புகிற இணைப்பு) சரியில்லை. லைட் எரியும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் லைட்டின் கறுப்பு வயருக்கும் நடுவில் வோல்ட் பாருங்கள், 0.2க்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி பெயிண்டைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

புதிதாகப் போட்ட அன்றைக்கே ஃபியூஸ் போகிறது என்றால் தேய்மானத்தைத் தேடாதீர்கள், வயரை இடம் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். இதில் அடிக்கடி மாட்டுவது மூன்று கால் உள்ள, உள்ளே சின்ன விளக்கு எரிகிற ஸ்விட்ச். ஒரு காலில் கரண்ட் உள்ளே வர வேண்டும், ஒன்றில் வெளியே போக வேண்டும், மூன்றாவது அந்தச் சின்ன விளக்குக்கு எர்த். வெளியே போகிற காலில் எர்த்தை மாட்டிவிட்டால் ஸ்விட்சைப் போட்டதும் நேராக ஷார்ட், ஃபியூஸ் காலி. நிறைய ஸ்விட்சுகளில் எர்த் கால் மட்டும் பித்தளை நிறத்தில் இருக்கும், மற்ற இரண்டும் வெள்ளை. இரண்டாவது, டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுவது) வைத்த ரிலே. ரிலே முதுகில் இருக்கும் படத்தில் காயிலுக்குப் பக்கத்தில் முக்கோணமும் கோடும் வரைந்திருந்தால் அதில் காயிலின் இரண்டு முனைகளில் 86 பாசிட்டிவ், 85 நெகட்டிவ் என்றுதான் கொடுக்க வேண்டும், மாற்றினால் டயோடு வழியாகவே ஷார்ட். சாதாரண ரிலேவில் எப்படி மாட்டினாலும் வேலை செய்யும் என்பதால் பழைய ஆட்கள் இதைக் கவனிப்பதில்லை.

மூன்றாவது, ஹோண்டா வண்டி. கிட்டில் வரும் கறுப்பு வயர் நெகட்டிவ், சரி. ஆனால் ஹோண்டாவில் எர்த் பச்சை, கறுப்பு என்பது சாவி போட்டதும் பாசிட்டிவ் வருகிற வயர். கறுப்போடு கறுப்பைச் சேர்ப்பதுதானே என்று சேர்த்துவிட்டால், கிட் பக்கம் எர்த் எங்கே மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து, சாவி போட்டதும் வண்டியின் மெயின் ஃபியூஸே போகும், நட்டநடு ரோட்டில் வண்டி நின்றுவிடும். யமஹாவில் கறுப்பு எர்த்தான். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு இணையுங்கள்.

இனி உங்கள் வயரை ரிப்பேர் செய்வது. உரிந்த இடத்தில் டேப்பைச் சுற்றிவிட்டு விட்டால் அடுத்த மழைக்கு மறுபடி இதே கதை. அந்த வயர் துண்டை முழுவதுமாக மாற்றிவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. ஆட்டோமொபைல் வயர் என்றே கேட்டு வாங்குங்கள், நிறைய மெல்லிய இழை உள்ளது, வீட்டு வயரிங்குக்கு வாங்குகிற கம்பி வேண்டாம். சென்னையில் இருந்தால் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ வயர், கப்ளர், ஸ்லீவ் எல்லாம் ஒரே நடையில் வாங்கிவிடலாம். இணைப்பு போட்டே ஆக வேண்டும் என்றால் சால்டர் வைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு சூடாக்குங்கள். ஆனால் அந்த இணைப்பு ஸ்டியரிங் ஹெட் பக்கம் வளைகிற இடத்தில் இருக்கவே கூடாது, சால்டர் வைத்த இடம் விறைத்துவிடும், அதை ஒட்டி இழைகள் ஒவ்வொன்றாக அறும். இணைப்பை டேங்குக்கு அடியில் அசையாத இடத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

புது வயரை ஒரிஜினல் ஹார்னஸ் (வண்டியோடு வந்த வயர்க் கட்டு) போகிற வழியிலேயே, அதோடு ஒட்டியே கொண்டுபோங்கள். கம்பெனிக்காரன் அந்த வழியை யோசித்துத்தான் வைத்திருக்கிறான். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்து, எந்தப் பக்கமும் வயர் விறைக்காத அளவுக்குத் தளர்வு விட்ட பிறகுதான் டை போட வேண்டும். மேலே துணி டேப்போ, அலை அலையாக இருக்கும் பிளாஸ்டிக் குழாயோ போடுங்கள். மீட்டரும் இல்லை, பொறுமையும் இல்லை என்றால் இந்தப் பத்தியை மட்டும் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் செய்யச் சொல்லுங்கள்.

வயரை மாற்றுகிற கையோடு ஒரு வேலை செய்தால் இந்தப் பிரச்சினை திரும்ப வராது. இப்போது உங்கள் கிட்டில் ஹேண்டில் வரைக்கும் பாசிட்டிவ் கரண்ட் போய்த் திரும்புகிறது. அதை மாற்றி, ரிலேவின் 86க்கு சாவி போட்டால் கரண்ட் வருகிற வயரிலிருந்து 2 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகப் பாசிட்டிவ் கொடுத்துவிடுங்கள். 85இலிருந்து ஒரு வயர் ஸ்விட்சுக்குப் போகட்டும், ஸ்விட்சின் மறுகால் எர்த்துக்கு. இப்போது ஹேண்டில் பக்கம் இருப்பதெல்லாம் எர்த் வேலை. நாளைக்கே அந்த வயர் மறுபடி நசுங்கி ஃப்ரேமைத் தொட்டாலும் ஃபியூஸ் போகாது, ஃபாக் லைட் தானாக எரியும், அவ்வளவுதான். நிறைய பைக்கில் ஹாரன் ஸ்விட்ச் இப்படித்தான் எர்த் பக்கம் இருக்கிறது. சாவியை எடுத்தால் லைட்டும் அணைந்துவிடும் என்பது இன்னொரு லாபம், மறந்து விட்டுவிட்டுப் போய் பேட்டரி இறங்குகிற வேலை இல்லை. விளக்கு எரிகிற ஸ்விட்சாக இருந்தால் இந்த முறையில் அதன் விளக்கு எரியாது, சாதாரண இரண்டு கால் ஸ்விட்சே போதும்.

86க்கான கரண்டை ஹெட்லைட் வயரிலிருந்து எடுக்காதீர்கள். பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் ஏசியில் (திசை மாறி மாறிப் பாயும் கரண்டில்) ஓடுவது, ரிலே ர்ர்ரென்று அதிரும். பின்பக்க டெயில் லைட் வயரோ பார்க்கிங் லைட் வயரோ நல்லது. மீட்டரில் டிசி தான் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு எடுங்கள். வாரண்டியில் இருக்கிற வண்டி என்றால் ஒரிஜினல் வயரை வெட்டாமல், கப்ளர் மாட்டி எடுக்கிற வழியைப் பாருங்கள்.

ஃபியூஸ் அளவு. இரண்டு 20 வாட் லைட், மொத்தம் 40 வாட், வண்டி ஓடும்போது 13.5 வோல்ட் என்று வைத்தால் 3 ஆம்பியர். இதற்கு 5 ஆம்பியர் போதும், 10 என்பதே தாராளம். நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்: 5 இளம்பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை அப்படியே நம்ப வேண்டாம், மலிவு லைட்டில் 60 என்று போட்டிருக்கும், இழுப்பது பாதிகூட இருக்காது. சந்தேகம் இருந்தால் ஃபியூஸ் இடத்தில் மீட்டரை வைத்து அளக்கலாம், சிவப்பு வயரை மீட்டரின் 10 ஆம்பியர் துளைக்கு மாற்றிவிட்டு. அளந்து முடித்ததும் மறக்காமல் பழைய துளைக்கு மாற்றுங்கள், அதே நிலையில் பேட்டரி வோல்ட் பார்க்கப் போனால் மீட்டரே ஷார்ட் ஆகிவிடும். ஃபியூஸ் ஹோல்டர் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும், அதற்கு முன்னால் உள்ள வயருக்குப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

எல்லாம் முடிந்ததும் உடனே ஃபியூஸ் போட்டுவிடாதீர்கள். அந்த 21 வாட் பல்பையே ஹோல்டரில் வைத்து, லைட் கப்ளரைக் கழற்றி வைத்த நிலையிலேயே, ஹேண்டிலை இரண்டு பக்கமும் நாலைந்து தடவை ஒடித்து, வண்டியை ஸ்டாண்டில் ஆட்டிப் பாருங்கள். பல்ப் ஒரு தடவைகூட மினுக்கவில்லை என்றால் ஃபியூஸ் போட்டு லைட்டை ஒவ்வொன்றாக மாட்டுங்கள், முதலில் இடது, கொஞ்ச நேரம் எரியவிட்டு அப்புறம் வலது. ஒரு குறிப்பிட்ட லைட்டை மாட்டினால் மட்டும் ஃபியூஸ் போகிறது என்றால் அப்போது கடைக்காரர் சொன்னது பாதி சரி, அந்த ஒரு லைட்டுக்குள் தண்ணீர் இறங்கி போர்டு போய்விட்டது, கண்ணாடிக்குள் ஆவி படிந்திருப்பதும் தெரியும். அப்படி இருந்தாலும் அந்த ஒன்றை மாற்றினால் போதும், இரண்டுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.